அத்தியாயம் 6: முதன்மைச் சாளரமும் துணைச் சாளரங்களும்

பொத்தான், உள்ளீட்டுப் பெட்டி, பட்டியல் என்று இதுவரை பார்த்த விட்ஜெட்கள் எல்லாம் இன்னொன்றுக்குள் அடங்கி இருப்பவை. அவற்றை எங்கே வைப்பது, எவ்வளவு அகலம் கொடுப்பது என்பதை நம் நிரலே முடிவு செய்தது. இந்த அத்தியாயத்தில் வரும் சாளரங்கள் அப்படியல்ல. அவை திரையில் தனித்து நிற்பவை. தலைப்புப் பட்டை, மூடும் பொத்தான், டாஸ்க்பாரில் ஓர் இடம் எல்லாம் அவற்றுக்கு உண்டு. ஆனால் அந்தத் தலைப்புப் பட்டையை வரைவது நம் நிரல் இல்லை. புதிதாக எழுதுபவர்களுக்கு வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

டிகே என்ற கருவித்தொகுப்பை ஜான் ஆஸ்டர்ஹவுட் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1980-களின் இறுதியில் எழுதத் தொடங்கினார். அன்றைக்கு அது எக்ஸ் விண்டோ அமைப்புக்கு மட்டுமே ஆனது. எம்ஐடியில் 1984-இல் பிறந்த எக்ஸ், சாளரத்தின் உட்பகுதியை நிரலிடம் விட்டுவிட்டு, சட்டகத்தையும் இடத்தையும் அடுக்கு வரிசையையும் சாளர மேலாளர் என்ற தனி நிரலிடம் ஒப்படைத்தது. டிகே பிறகு விண்டோஸுக்கும் மேக்குக்கும் போனபோதும் இந்தப் பாகுபாட்டைக் கைவிடவில்லை. பைத்தானின் டிகின்டரில் 'டபிள்யூஎம்' என்ற முன்னொட்டோடும் அது இல்லாமலும் அழைக்கக்கூடிய மெத்தட்கள் அனைத்தும் இந்த மேலாளருக்குப் போகும் விண்ணப்பங்கள்தான். வாடகை வீட்டில் கட்டிலை எங்கே போடுவது என்பது நம் இஷ்டம். வெளிச்சுவருக்கு வர்ணம் பூச வேண்டுமென்றால் வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும். அவர் சரி என்பார், சில நேரம் காதில் வாங்காமலும் போவார்.

கட்டளைப் பெயர்களை இங்கே உச்சரிப்பின்படி தந்திருக்கிறேன். நிரலில் தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகள்தான்.

இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஒரு புத்தகக் கடையின் பில் போடும் நிரலை எடுத்துக்கொள்வோம். முதன்மைச் சாளரத்தில் பில் இருக்கிறது. 'புதிய வாடிக்கையாளர்' என்ற பொத்தானை அழுத்தினால் பெயரும் தொலைபேசி எண்ணும் கேட்டு ஒரு சிறிய சாளரம் திறக்க வேண்டும்.

ஒரு நிரலுக்கு ஒரு 'டிகே' போதும்

டிகின்டரில் தனிச் சாளரம் உண்டாக்க இரண்டு வழிகள் இருப்பதுபோல் தோன்றும். 'டிகே()' என்று அழைத்தாலும் ஒரு சாளரம் வருகிறது, 'டாப்லெவல்()' என்று அழைத்தாலும் வருகிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. உள்ளே நடப்பது வேறு. 'டிகே()' ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு டிசிஎல் இன்டர்பிரட்டரைத் தொடங்கி, அதற்கென்று ஒரு வேர்ச் சாளரத்தை உண்டாக்குகிறது. 'டாப்லெவல்()' ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இன்டர்பிரட்டருக்குள் இன்னொரு சாளரத்தைச் சேர்க்கிறது.

இரண்டாவது சாளரம் தேவைப்பட்டதும் மறுபடி 'டிகே()' அழைப்பவர்கள் ஏராளம். முதலில் எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலத் தெரியும். ஒருநாள் அந்தச் சாளரத்தில் கடையின் முத்திரைப் படத்தைக் காட்ட முயலும்போது, 'பைஇமேஜ்1' என்ற படமே கிடையாது என்று பிழைச்செய்தி வரும். படம் முதல் இன்டர்பிரட்டரில் இருக்கிறது, அதைக் காட்ட வேண்டிய லேபிள் இரண்டாவதில் இருக்கிறது. 'ஸ்ட்ரிங்வார்' விஷயம் இன்னும் மோசம். உள்ளீட்டுப் பெட்டியில் பயனர் பெயரைத் தட்டுவார். மாறியைப் படித்தால் வெற்றுச் சரம் வரும். பிழைச்செய்தி எதுவும் வராது. எங்கே தவறு என்று தேடுபவர் பெட்டியைச் சந்தேகிப்பார், மாறியைச் சந்தேகிப்பார். சாளரத்தைச் சந்தேகிக்க மாட்டார்.

ஆகவே ஒரு நிரலில் 'டிகே()' ஒரே ஒரு முறை. மற்றவை எல்லாம் 'டாப்லெவல்'. அதுவும் வெறுமனே அழைக்காமல், எந்தச் சாளரத்திலிருந்து பிறக்கிறதோ அதை முதல் அளபுருவாகக் கொடுத்து அழையுங்கள். முதன்மைச் சாளரம் அழிந்தால் துணைச் சாளரங்கள் எல்லாம் கூடவே போய்விடும். பெரும்பாலும் நாம் விரும்புவதும் அதைத்தான்.

விரும்பாத இடம் ஒன்று உண்டு. நுழைவுச்சொல் கேட்கும் சாளரத்தை முதலில் காட்டுவதற்காக முதன்மைச் சாளரத்தை 'வித்ட்ரா' செய்து மறைத்து வைப்பது வழக்கம். பயனர் நுழைவுச்சொல் கொடுக்காமல் அந்தச் சாளரத்தை மூடிவிட்டால் என்ன ஆகும்? திரையில் ஒன்றும் இருக்காது, ஆனால் மறைந்திருக்கும் முதன்மைச் சாளரத்துக்காக 'மெயின்லூப்' ஓடிக்கொண்டே இருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். நுழைவுச் சாளரத்தின் மூடும் பொத்தானை, முதன்மைச் சாளரத்தின் 'டெஸ்ட்ராய்' மெத்தடோடு இணைத்துவிட வேண்டும். இணைப்பது எப்படி என்பது சற்றுப் பின்னால் வருகிறது.

அளவைக் கேளுங்கள், திணிக்காதீர்கள்

'ஜியாமெட்ரி' மெத்தடுக்குக் கொடுக்கும் சரம் 400×300+100+50 என்ற வடிவில் இருக்கும். பெருக்கல் குறியின் இடத்தில் நீங்கள் தட்ட வேண்டியது சிறிய எக்ஸ் எழுத்து. முதல் இரண்டு எண்கள் அகலமும் உயரமும் பிக்சலில். அடுத்த இரண்டும் திரையின் இடது ஓரத்திலிருந்தும் மேல் ஓரத்திலிருந்தும் உள்ள தூரம். கூட்டல் குறிக்குப் பதில் கழித்தல் குறி போட்டால் வலது ஓரத்திலிருந்தும் கீழ் ஓரத்திலிருந்தும் அளக்கும். அளவை விட்டுவிட்டு இடத்தை மட்டும் கொடுக்கலாம், இடத்தை விட்டுவிட்டு அளவை மட்டும் கொடுக்கலாம்.

பெரும்பாலான பாடங்கள் முதல் வரியிலேயே 400×300 என்று எழுதச் சொல்கின்றன. என் யோசனை வேறு: அளவைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். எதுவும் சொல்லாவிட்டால், உள்ளே இருக்கும் விட்ஜெட்களைக் கூட்டிப் பார்த்து, அவை அடங்கும் அளவுக்கு டிகே தானே சாளரத்தை விரிக்கும். பின்னால் ஒரு புலம் சேர்த்தால் சாளரமும் சேர்ந்து வளரும். ஒரு முறை நீங்கள் அளவைச் சொல்லிவிட்டால், அல்லது பயனர் ஓரத்தைப் பிடித்து இழுத்துவிட்டால், இந்தத் தானியங்கி நின்றுபோகும். அப்புறம் சேர்க்கும் பொத்தான் சாளரத்தின் கீழ் விளிம்புக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். உங்கள் கணினியில் அளந்து எழுதிய 400, எழுத்துரு பெரிதாக வைத்திருக்கும் இன்னொருவர் கணினியில் பற்றாது. தவறிக் கொடுத்துவிட்ட அளவைத் திரும்பப் பெற 'ஜியாமெட்ரி'க்கு வெற்றுச் சரம் ஒன்றை அனுப்பினால் போதும், பழைய இயல்புக்கு வந்துவிடும்.

கொடுக்க வேண்டியது குறைந்தபட்ச அளவைத்தான். விட்ஜெட்களை எல்லாம் வைத்து முடித்த பிறகு 'அப்டேட்_ஐடில்டாஸ்க்ஸ்' ஒரு தடவை அழைத்து, 'வின்ஃபோ_ரெக்வித்', 'வின்ஃபோ_ரெக்ஹைட்' இரண்டும் தரும் எண்களை 'மின்சைஸ்'க்குக் கொடுங்கள். அதற்குக் கீழே யாரும் சுருக்க முடியாது. 'ரீசைசபிள்' மெத்தடில் இரண்டு பொய் மதிப்புகளைப் போட்டுச் சாளரத்தைக் கட்டிப்போடும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. இரண்டே புலம் உள்ள சிறு சாளரத்துக்கு அது சரி. பில் பட்டியலைக் காட்டும் சாளரத்தைப் பெரிதாக்கிப் பார்க்கக் கடைக்காரருக்கு உரிமை இருக்க வேண்டும். அப்படி விரியும்போது உள்ளே பட்டியலும் விரிய, 'கிரிட்'டின் கிடைவரிசைக்கும் நெடுவரிசைக்கும் எடை கொடுக்க மறந்துவிடாதீர்கள். மறந்தால் சாளரம் பெரிதாகும், பட்டியல் ஒரு மூலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

அகலத்தை அறிய 'வின்ஃபோ_வித்' என்று கேட்டு 1 என்ற விடை வாங்கி விழிப்பவர்கள் உண்டு. சாளரம் இன்னும் திரைக்கு வரவில்லை என்பதே அதன் பொருள். டிகே அளவு கணக்குகளை உடனுக்குடன் போடுவதில்லை, கை ஓய்ந்த நேரத்துக்கு ஒத்திப் போடுகிறது. 'அப்டேட்_ஐடில்டாஸ்க்ஸ்' என்பது அந்தப் பாக்கிக் கணக்கை இப்போதே முடி என்று சொல்வது. 'அப்டேட்' என்ற பெரிய அண்ணன் ஒருவரும் இருக்கிறார். அவர் கணக்கோடு நிற்காமல், காத்திருக்கும் சொடுக்குகளையும் விசை அழுத்தல்களையும் சேர்த்து ஓடவிட்டுவிடுவார். அளவு அறிய மட்டும் அவரைக் கூப்பிட வேண்டாம்.

இனி வரிசை. துணைச் சாளரத்தை உண்டாக்கியதும் 'வித்ட்ரா' செய்து மறையுங்கள். விட்ஜெட்களை வையுங்கள். அளவுக் கணக்கை முடியுங்கள். இடத்தைக் கணக்கிட்டு 'ஜியாமெட்ரி'க்குக் கொடுங்கள். கடைசியாக 'டீஐகானிஃபை'. இந்த வரிசையை விட்டால் சாளரம் முதலில் திரையின் ஏதோ ஒரு மூலையில் வெறுமையாகத் தோன்றி, அடுத்த கணம் நடுவுக்குத் தாவும்.

நடு என்றால் எதன் நடு? 'வின்ஃபோ_ஸ்கிரீன்வித்'தை இரண்டால் வகுப்பது எளிய வழி, ஆனால் கணினியில் இரண்டு திரைகள் இருந்தால் வம்பு. லினக்ஸின் எக்ஸ் அமைப்பில் அந்த எண் இரு திரைகளின் மொத்த அகலமாக வரும். உங்கள் சாளரம் பாதி இந்தத் திரையிலும் பாதி அந்தத் திரையிலும் நிற்கும். விண்டோஸில் முதல் திரையின் அகலம் மட்டுமே வரும். பயனர் இரண்டாவது திரையில் பில் போட்டுக்கொண்டிருக்க, சிறு சாளரம் மற்றதில் போய் நிற்கும். திரையை விட்டுவிட்டு, பெற்ற சாளரத்தின், அதாவது சிறு சாளரம் எதிலிருந்து பிறந்ததோ அதன், நடுவைக் கணக்கிடுங்கள். பெற்ற சாளரத்தின் 'வின்ஃபோ_ரூட்எக்ஸ்' மதிப்போடு, அதன் அகலத்திலிருந்து சிறு சாளரத்தின் அகலத்தைக் கழித்து வந்ததில் பாதியைக் கூட்டினால் இடது ஓரம் கிடைத்துவிடும். உயரத்துக்கும் இதே கணக்கு.

கடந்த முறை மூடிய இடத்திலேயே சாளரத்தைத் திறப்பது பயனர்களுக்குப் பிடித்த வசதி. அளபுரு எதுவும் இல்லாமல் 'ஜியாமெட்ரி()' என்று அழைத்தால் இப்போதைய சரம் கிடைக்கும்; அதைக் கோப்பில் எழுதி வைத்து அடுத்த முறை திருப்பிக் கொடுக்கலாம். கொடுக்கும் முன் அந்த இடம் இன்னும் திரைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். இரண்டாவது திரையைக் கழற்றி எடுத்துப் போயிருந்தால், நிரல் ஓடுகிறது, சாளரத்தைக் காணோம் என்று தொலைபேசி வரும்.

தலைப்பும் சின்னமும்

'டைட்டில்' கொடுக்காவிட்டால் பட்டையில் டிகே என்றே இருக்கும். துணைச் சாளரங்கள் பிறக்கும்போது முதன்மைச் சாளரத்தின் தலைப்பை அப்படியே எடுத்துக்கொள்ளும், அதனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கொடுங்கள். சின்னத்துக்கு 'ஐகான்ஃபோட்டோ'. அதன் முதல் அளபுரு உண்மை என்று இருந்தால், இனிப் பிறக்கும் துணைகளுக்கும் அதே சின்னம் போகும். டிகே 8.6 முதல் பிஎன்ஜி படங்களை நேரடியாகப் படிக்கும். விண்டோஸில் ஐசிஓ கோப்பை 'ஐகான்பிட்மேப்' வழியாகவும் கொடுக்கலாம்.

தமிழில் தலைப்பு வைப்பவர்கள் லினக்ஸில் ஒரு வினோதத்தைக் காண்பார்கள். தலைப்புப் பட்டையில் 'கொள்முதல்' என்ற சொல் ஒழுங்காக இருக்கும். அதே சொல் உள்ளே லேபிளில், கொம்பு இடம் மாறி உடைந்து கிடக்கும். பட்டையை வரைவது சாளர மேலாளர். அதற்கு இந்திய எழுத்துகளைச் சேர்த்து அமைக்கத் தெரியும். லேபிளை வரைவது டிகே. அதன் 8.6 பதிப்பு லினக்ஸில் எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துவைக்கிறதே தவிர, சேர்த்து அமைப்பதில்லை. எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. விண்டோஸில் இந்தத் தொல்லை கிடையாது, 'நிர்மலா யூஐ' எழுத்துருவில் அழகாகவே வரும். முழுக்கத் தமிழில் லினக்ஸ் பயனர்களுக்கு எழுதப் போகிறீர்கள் என்றால் க்யூடி அல்லது ஜிடிகே பக்கம் போவதே மேல்.

மூடும் பொத்தான்

மூலையில் உள்ள பெருக்கல் குறியைச் சொடுக்கியதும் சாளரம் மூடுவதில்லை. சாளர மேலாளர் நம் நிரலுக்கு ஒரு செய்தி அனுப்புகிறது: பயனர் மூடச் சொல்கிறார், என்ன செய்யலாம்? இந்தச் செய்தியின் பெயர் 'டபிள்யூஎம்_டிலீட்_விண்டோ', முழுவதும் ஆங்கிலப் பேரெழுத்தில். எக்ஸ் காலத்து ஒப்பந்தத்திலிருந்து வந்த பெயர்; விண்டோஸிலும் மேக்கிலும் கூட டிகே இதையே பயன்படுத்துகிறது. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் சாளரம் அழிக்கப்படும். 'ப்ரோட்டோகால்' மெத்தடில் இந்தப் பெயரையும் நம் ஃபங்ஷனையும் கொடுத்துவிட்டால், முடிவு நம் கைக்கு வந்துவிடும். அப்புறம் 'டெஸ்ட்ராய்' அழைக்க வேண்டியதும் நாமே. அதை மறந்தால் மூடவே முடியாத சாளரம் ஒன்றைப் பயனர் தலையில் கட்டியவர்கள் ஆவோம்.

பில் சேமிக்கப்படாமல் இருக்கும்போது மூடினால், 'மெசேஜ்பாக்ஸ்' தொகுதியின் 'ஆஸ்க்யெஸ்நோகேன்சல்' பொருத்தமானது. ஆம் என்றால் உண்மை, இல்லை என்றால் பொய், ரத்து என்றால் 'நன்' திரும்பும். 'நன்' வந்தால் எதுவும் செய்யாமல் திரும்புங்கள். பொய்யையும் 'நன்'னையும் ஒரே கிளையில் போட்டுவிட்டால், ரத்து அழுத்தியவரின் பில் காற்றோடு போகும். கேள்விப் பெட்டி துணைச் சாளரத்திலிருந்து எழுகிறது என்றால் 'பேரன்ட்' அளபுருவில் அந்தத் துணைச் சாளரத்தைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பெட்டி முதன்மைச் சாளரத்தைச் சேர்ந்ததாகத் தோன்றும்.

மூடும் நேரத்து வேலைகளை 'டெஸ்ட்ராய்' நிகழ்வோடு பிணைப்பதும் உண்டு. அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாளரத்தின் மேல் பிணைத்த நிகழ்வு அதற்குள் இருக்கும் ஒவ்வொரு விட்ஜெட்டுக்கும் தனித்தனியாக வந்து சேரும். சாளரத்துக்குள் 20 விட்ஜெட்கள் இருந்தால் உங்கள் ஃபங்ஷன் 21 முறை ஓடும். நிகழ்வு எந்த விட்ஜெட்டுக்கு என்று பார்த்து, அது அந்தச் சாளரமே என்றால் மட்டும் வேலையைச் செய்யுங்கள். அளவு மாறுவதை அறிவிக்கும் 'கான்ஃபிகர்' நிகழ்வுக்கும் இது பொருந்தும். 'ஆஃப்டர்' மூலம் ஓடும் கடிகாரம் போன்றவை இருந்தால், சாளரத்தை அழிக்கும் முன் 'ஆஃப்டர்_கேன்சல்' செய்துவிடுங்கள்.

பதில் வரும்வரை காக்கும் சாளரம்

நம் 'புதிய வாடிக்கையாளர்' சாளரத்துக்கு வருவோம். அது திறந்திருக்கும்போது பின்னால் இருக்கும் பில்லைத் தொடக்கூடாது. இதற்கு மூன்று காரியங்கள் சேர வேண்டும். மூன்றும் மூன்று வேறு வேலை செய்பவை.

முதலாவது 'ட்ரான்சியன்ட்'. இந்தச் சாளரம் அந்தச் சாளரத்தைச் சேர்ந்தது என்று மேலாளரிடம் சொல்வது இது. அதன் பிறகு சிறியது எப்போதும் பெரியதன் மேலேயே நிற்கும், பெரியதைச் சுருக்கினால் கூடவே சுருங்கும். ஒரு கண்ணி: பெற்ற சாளரம் 'வித்ட்ரா' செய்யப்பட்டு மறைந்திருந்தால், அதற்கு 'ட்ரான்சியன்ட்' ஆக்கிய சாளரமும் மறைந்தே இருக்கும். டிகின்டரோடு வரும் 'சிம்பிள்டயலாக்' தொகுதியின் மூலநிரலைத் திறந்து பாருங்கள், பெற்றது கண்ணுக்குத் தெரிந்தால் மட்டுமே 'ட்ரான்சியன்ட்' செய்ய வேண்டும் என்று அங்கே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது 'கிராப்_செட்'. நம் நிரலின் மற்றச் சாளரங்களுக்குச் சொடுக்கும் விசையும் போகாமல் இது தடுக்கும். லினக்ஸில் சாளரம் திரையில் தெரியும் முன்பே இதை அழைத்தால், சாளரம் பார்வையில் இல்லை என்று பிழை வரும். அதனால் முதலில் 'வெயிட்_விசிபிலிட்டி', பிறகு 'கிராப்_செட்'. விண்டோஸில் மட்டும் சோதித்துவிட்டு அனுப்பும் நிரல்கள் லினக்ஸில் விழுகிற இடங்களில் இது ஒன்று. 'கிராப்_செட்_குளோபல்' என்று இன்னொன்று இருக்கிறது. அது நம் நிரலை மட்டுமல்ல, திரையில் உள்ள மற்ற நிரல்களையும் சேர்த்துப் பூட்டிவிடும். அதை வைத்துக்கொண்டு பிழை திருத்த உட்காருவது வேண்டாத வேலை.

மூன்றாவது 'வெயிட்_விண்டோ'. சாளரம் அழியும்வரை நம் ஃபங்ஷன் அந்த வரியிலேயே நிற்கும். ஆனால் உள்ளே நிகழ்வுச் சுழற்சி ஓடிக்கொண்டிருப்பதால் திரை உறைந்துபோகாது. அடுத்த வரியில் பயனர் கொடுத்த பெயரை எடுத்துக்கொள்ளலாம். எடுக்க வேண்டியது விட்ஜெட்டிலிருந்து அல்ல, விட்ஜெட் அப்போது அழிந்திருக்கும். 'சேமி' பொத்தானின் ஃபங்ஷன், அழிக்கும் முன்பே பெயரை ஒரு பண்பில் எழுதி வைத்திருக்க வேண்டும். 'ரத்து' அழுத்தினாலும், பெருக்கல் குறியைச் சொடுக்கினாலும், எஸ்கேப் விசையைத் தட்டினாலும் அந்தப் பண்பு 'நன்' ஆகவே இருக்கட்டும். மூன்றையும் ஒரே ஃபங்ஷனுக்கு அனுப்புங்கள்.

திறந்ததும் பெயர்ப் பெட்டிக்கு 'ஃபோகஸ்_செட்', என்டர் விசைக்கு 'சேமி'. ஒரு நாளைக்கு நூறு பில் போடுபவர் மவுஸைத் தேட மாட்டார்.

பூட்டாத துணைச் சாளரங்களும் உண்டு, உதாரணமாகக் கையிருப்புப் பட்டியல். பொத்தானை ஐந்து முறை அழுத்தினால் ஐந்து பட்டியல்கள் திறக்கக் கூடாது. திறந்த சாளரத்தை ஒரு பண்பில் வைத்திருந்து, 'வின்ஃபோ_எக்சிஸ்ட்ஸ்' மூலம் அது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 'டீஐகானிஃபை', 'லிஃப்ட்', 'ஃபோகஸ்_செட்' செய்து முன்னே கொண்டு வாருங்கள். இல்லாவிட்டால் மட்டும் புதியது.

மற்ற அமைப்புகள்

'ஆட்ரிப்யூட்ஸ்' மெத்தடில் சில்லறை வசதிகள் பல இருக்கின்றன. 'ஆல்ஃபா' ஒளிபுகும் தன்மையை 0-க்கும் 1-க்கும் இடையில் வைக்கும். 'ஃபுல்ஸ்கிரீன்' திரை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். வெளியே வர எஸ்கேப் விசையைப் பிணைக்காமல் இதை வைக்காதீர்கள். 'டாப்மோஸ்ட்' மற்ற நிரல்களின் சாளரங்களுக்கும் மேலே நிற்கச் செய்யும். கடிகாரம், நிறம் எடுக்கும் கருவி போன்றவற்றுக்கு அது நியாயம். தன் சாளரம் பின்னால் போய்விடுகிறது என்பதற்காகப் பில் நிரலில் 'டாப்மோஸ்ட்' போடுவது அடாவடி. அங்கே வேண்டியது 'ட்ரான்சியன்ட்'.

'ஓவர்ரைட்ரீடைரக்ட்' சாளர மேலாளரை முற்றாக ஒதுக்கிவிடுகிறது. தலைப்புப் பட்டை போகும், டாஸ்க்பார் இடம் போகும், நகர்த்தும் வசதி போகும், லினக்ஸில் பல இடங்களில் விசைப்பலகையும் எட்டாது. தொடக்கத்தில் சில நொடிகள் வந்து போகும் படத்துக்கும், சுட்டியருகே தோன்றும் குறிப்புக்கும் அது போதும். அழகுக்காக முதன்மைச் சாளரத்தில் போட்டால், போன ஒவ்வொன்றையும் நீங்களே எழுத வேண்டி வரும்.

விண்டோஸில் அடர்த்தி மிகுந்த திரைகளில் எழுத்து மங்கலாகத் தெரிந்தால், நிரல் தன்னை அடர்த்தி அறிந்ததாக அறிவிக்கவில்லை என்று பொருள். விண்டோஸ் 8.1 முதல் உள்ள 'செட்ப்ராசஸ்டிபிஐஅவேர்னஸ்' ஃபங்ஷனை 'சிடைப்ஸ்' வழியாக 1 என்ற மதிப்போடு அழையுங்கள், 'டிகே()'க்கு முந்தைய வரியில். லினக்ஸில் ஐ3 போன்ற ஓடு பதிக்கும் வகை மேலாளர்கள் சாதாரணச் சாளரங்களுக்கு நீங்கள் கேட்ட அளவையும் இடத்தையும் பொருட்படுத்தாமல் தாங்களே பங்கு போட்டுவிடும். அது பிழையல்ல, அதைத் தேர்ந்தெடுத்த பயனரின் விருப்பம். எடையும் குறைந்தபட்ச அளவும் ஒழுங்காக இருந்தால் நிரல் எந்தப் பங்கிலும் அடங்கிக்கொள்ளும்.

இனி அடுத்த அத்தியாயம். அதற்கு முன் 'புதிய வாடிக்கையாளர்' சாளரத்தை நீங்களே எழுதி முடியுங்கள். பெயர் காலியாக இருந்தால் 'சேமி' சாளரத்தை மூடக் கூடாது. எந்த வழியில் மூடினாலும் பில் சாளரம் மீண்டும் இயங்க வேண்டும். இரண்டாம் திரையில் திறந்தால் அங்கேயே தோன்ற வேண்டும். எழுதியதை விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரு முறையாவது ஓட்டிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் ஓடுவதை முடிந்த வேலை என்று கணக்கில் எடுக்க வேண்டாம்.